வீட்டு வலையில் வேகம் குன்றுவதேன்?

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் ஊர்களிலே, கம்பியில்லா இணையம் புகாத தெரு இன்று இல்லை. முன்மண்டபத்துச் சுவரிலோ அலுமாரியின் தலையிலோ சிறு பெட்டியொன்று விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும். அதனை வைபைப் பெட்டி என்பாரும், றவுட்டர் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும், வீட்டிலுள்ள கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் வெளியுலகோடு இணைப்பதும் அதுவே. அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதும் அதுவே. இவ்விரண்டும் வெவ்வேறான வேலைகள் என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. வீட்டு வலையைப் பற்றிய முறைப்பாடுகளிற் பாதிக்கும் மேற்பட்டவை இக்குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வீட்டில் ஒரு திருமணம் நடந்து முடிந்திருக்கின்றது. படம் பிடித்தவர் காட்சிகள் அனைத்தையும் ஒரு தட்டிற் பதிந்து கொடுத்திருக்கிறார். மொத்தம் 40 கிகாபைற்று. கீழ்வீட்டுக் கணினியில் அது ஏறிவிட்டது. மேல்மாடியில் இருக்கும் இளைய மகளின் மடிக்கணினிக்கும் ஒரு பிரதி வேண்டும். இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கிய வேலை நள்ளிரவு ஆகியும் முடிந்தபாடில்லை. மேல்மாடியிலிருந்து மருமகன் குரல் கொடுக்கிறார்: “மச்சான், லைன் சரியில்ல போல. கொம்பனிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க.”

கொம்பனிக்கு இதில் எவ்விதப் பங்கும் இல்லை. அந்தக் கோப்பு வளவின் மதிலைத் தாண்டவேயில்லை. கீழ்வீட்டுக் கணினியிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து மேல்மாடிக்கும் செல்கிறதேயன்றிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போவதில்லை. மாதக் கட்டணத்தை இரட்டிப்பாக்கி விரைவான இணைப்பொன்றைப் பெற்றாலும் அந்த இரவு ஒரு நிமிடந்தானும் குறையாது. கோளாறு வீட்டுக்குள்ளே இருக்கின்றது. அதனைத் தீர்க்கும் வழியும் பெரும்பாலும் வீட்டாரின் கையிலேயே உளது.

கல்யாணப் படம் ஒரு நாள் பிந்தினால் என்ன குடி மூழ்கிவிடும் என்று சிலர் வினவலாம். படத்தோடு மட்டும் நிற்கும் செய்தியன்று இது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களோடு அவர்தம் முகம் தாங்கிய படங்களும் போயின. பிறப்புச் சான்றிதழ்களும், வளவு உறுதிகளும், பள்ளிக்கூடப் பத்திரங்களும் அலுமாரியோடு அள்ளுண்டு போயின. பதிவேட்டிலிருந்து சான்றிதழை மீண்டும் பெறலாம். மறைந்த உம்மாவின் ஒரே படத்தை எந்தக் கந்தோரில் விண்ணப்பித்துப் பெறுவது? கடலுக்கு நூறு யார் தொலைவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, இரண்டாவது பிரதி என்பது ஆடம்பரம் அன்று. ஆனால், பிரதி எடுக்க முழு இரவு வேண்டுமென்றால் மனிதர் ஒருமுறை எடுப்பர். இரண்டாம் முறை சலிப்பர். மூன்றாம் முறை மறந்தேவிடுவர். வேகத்தைப் பற்றி இத்தனை தூரம் எழுத நேர்ந்தது இக்காரணம் பற்றியே.

இனிக் கோளாற்றின் வேரைப் பார்ப்போம்.

கம்பியில்லா வலையின் அடிப்படை இயல்பு ஒன்றே: அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தாம் பேச முடியும். ஒரே காற்றை அனைவரும் பங்கிடுகின்றனர். இந்தச் சிக்கலை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களும் நம்மைப்போல் தீவிலே வாழ்ந்தவர்களே. பசிபிக் சமுத்திரத்து ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், தீவுகளிற் சிதறிக் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலைகளால் இணைக்க முற்பட்டனர். 1971 இல் அது இயங்கத் தொடங்கியது. ‘அலோகாநெற்’ என்பது அதன் பெயர். எவருக்குச் செய்தி உண்டோ அவர் உடனே அனுப்பிவிடலாம். இருவர் செய்தி மோதிச் சிதைந்தால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பதே அதன் விதி. எளிய விதிதான். ஆயினும், மோதல்களிலே காலம் வீணாகி, அலைவரிசையின் கொள்ளளவில் 18 வீதத்துக்கு மேல் பயன்பட வழியில்லை என்பது கணக்கிற் கண்ட உண்மை. இன்றைய வைபை பேசுமுன் செவிசாய்த்துக் கேட்கும் நாகரிகம் கற்றிருக்கிறது. எனினும் ஒருவர் பேச மற்றவர் காத்திருக்கும் முறைமை மாறவில்லை.

இப்பொழுது மருமகனின் கோப்பைப் பாருங்கள். கீழ்வீட்டுக் கணினியும் கம்பியின்றி இணைந்துள்ளது. மேல்மாடி மடிக்கணினியும் அவ்வாறே. ஆகவே ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணஞ் செய்கின்றது; முதலிற் கணினியிலிருந்து பெட்டிக்கு, பின்னர் பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு. இரு பயணங்களும் ஒரே காற்றில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. எனவே வேகம் பாதியாகி விடுகிறது. இவ்வொன்றை மட்டும் அறிந்துகொண்டவர் பாதி நோயைக் கண்டுபிடித்தவராவார். கீழ்வீட்டுக் கணினியை ஒரு கேபிளினாற் பெட்டியோடு இணைத்துவிட்டால், காற்றுப் பயணம் ஒன்றாகக் குறைந்து, வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். செலவு ஒரு துண்டுக் கேபிள்.

அட்டைப்பெட்டியில் 300 என்று அச்சிட்டிருக்கிறதே, அது எங்கே போயிற்று என்று கேட்பாரும் உண்டு. அங்கே எழுதியிருப்பது மெகாபிற்று. கோப்பின் அளவை நாம் சொல்வதோ மெகாபைற்று. எட்டுப் பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. ஆதலின் முதலில் எட்டால் வகுத்துக்கொள்க. அடுத்து, அந்த 300 என்பது இரண்டு அலைவாங்கிகளையும் அகன்ற அலைவரிசையையும் பயன்படுத்தினால் வரும் உச்ச எண். சாதாரண மடிக்கணினிகள் பலவும் மலிவான கைத்தொலைபேசிகளும் ஓர் அலைவாங்கியோடு 72 மெகாபிற்றிலேயே பழைய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையில் இணைகின்றன. ஒப்புதல் அனுப்புவதிலும் காத்திருப்பதிலும் கழிந்தவை போக, 40 மெகாபிற்று கைக்கு எட்டினாற் பெரிது. அதாவது வினாடிக்கு 5 மெகாபைற்று. இருபுறமும் கம்பியில்லையென்றால் அது இரண்டரை. 40 கிகாபைற்றை வினாடிக்கு இரண்டரை மெகாபைற்றாக அனுப்பினால் ஏறத்தாழ நாலரை மணித்தியாலம். நள்ளிரவு ஏன் வந்தது என்பது இப்போது விளங்குமே!

நிற்க. நம் ஊர் வீடுகளின் அமைப்பைப் பற்றி ஈண்டு சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து, மருமகனை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவிற் சிறு வீடு கட்டிக்கொள்வர். இளையவளுக்கு மேலே ஒரு மாடி எழும்பும். இடம் குறைந்த இக்கரையிலே வீடுகள் பக்கவாட்டில் நெருங்கியும் மேல்நோக்கி வளர்ந்தும் வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்ப வாழ்க்கைக்கு இவ்வேற்பாட்டில் நன்மைகள் பல. வைபைக்கோ இதைவிடக் கடினமான சோதனை கிடையாது.

சீமெந்துக் கற்சுவர் ஒன்றைக் கடக்கும்போதே அலை தன் வலுவிற் பெரும்பகுதியை இழக்கின்றது. இரும்புக் கம்பி வைத்து வார்த்த கொங்கிறீற்றுத் தட்டோ அதனினும் கொடிது. இரும்பு வலை அலையைத் திருப்பி அடிக்கும். நீர் அலையை விழுங்கும். ஆதலின் மாடியில் நிற்கும் தண்ணீர்த் தாங்கியும் ஒரு தடையே. இரும்பு அலுமாரிக்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைப்பவர்களைக் கண்டால், விளக்கை ஏற்றிப் பானைக்குள் வைத்தவர்களின் நினைவுதான் வருகின்றது. பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். இணைப்புக் கம்பி முன்வாசல் வழியாக வருவதால் பெட்டியும் முன்வாசலிலேயே இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சில யார் கம்பியை நீட்டிக்கொடுக்கச் சொன்னால் வேலை செய்ய வருபவர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அயல்வீட்டுப் பெட்டிகளோ வேறொரு தொல்லை. பழைய வானொலிப் பெட்டியில் ஒரு நிலையத்தின் பாட்டுக்குள் வேறொரு நிலையத்தின் செய்தி புகுந்து இரைந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையில் அதே கதைதான். அலைவரிசைகள் பதின்மூன்று என்று எண் சொன்னாலும், ஒன்றையொன்று உரசாமல் நிற்கக்கூடியவை மூன்றுதான்: 1, 6, 11. சாய்ந்தமருதுவில் ஒரு தெருமுனையில் நின்று கைத்தொலைபேசியைத் திறந்தால் வலைகளின் பெயர்கள் வரிசையாக ஓடும். இத்தனையும் மூன்று அலைவரிசைகளிற் பங்கிட்டு வாழவேண்டும்! இவர்களுள் ஒருவர் 3 ஐத் தெரிந்தெடுத்தால் 1 இல் உள்ளவருக்கும் 6 இல் உள்ளவருக்கும் ஒருங்கே இடையூறு செய்தவராவார். எனவே பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், கூட்டம் குறைந்த ஒன்றை இம்மூன்றிலிருந்தே தெரிவதும், அலைவரிசையின் அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸுக்குக் குறைப்பதும் நலம். அகலத்தைக் குறைத்தால் வேகம் கூடுமா என்று ஐயுறலாம். நெருக்கடியான தெருவில் அகன்ற வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. குசினியில் நுண்ணலை அடுப்பு இருந்தால், அதுவும் இதே அலைக்கற்றையில் வேலை செய்கின்றது என்பதை மறவாதீர்கள்.

வேறொரு நுட்பமும் இங்கே உளது. பின்வளவில் யாரோ ஒருவர் பழைய கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, எட்டியும் எட்டாத தொலைவிலிருந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கருவி மெதுவாகவே பேசும். ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுக்கும். அதுவரை வேகமான கருவிகளும் காத்திருக்கவேண்டியதுதான். அக்கரைப்பற்று வீதியில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியின் பின்னால் அகப்பட்ட காரின் நிலைமை இது. பெரிய கோப்பை அனுப்பும் வேளையில், தேவையற்ற பழைய கருவிகளைச் சற்று நிறுத்தி வைப்பதால் வரும் இலாபம் சிறிதன்று.

5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றை இத்தொல்லைகளிற் பெரும்பகுதியைத் தீர்க்கும். அங்கே அலைவரிசைகள் மிகுதி, கூட்டம் குறைவு. இரண்டு அலைவாங்கி உள்ள சாதாரணக் கருவிகள் அங்கே 866 மெகாபிற்றில் இணைவதுண்டு. அதிற் பாதி கைக்கு வந்தாலும், பெட்டியோடு கேபிளில் இணைந்த கணினிக்கு வினாடிக்கு 50 மெகாபைற்றை அனுப்பலாம். குறை என்னவெனில், இந்த அலை சுவரைத் துளைத்துச் செல்வதிற் பலவீனமானது. ஒரே அறையில், அல்லது அடுத்த அறையில் இருந்து அனுப்புவோருக்கே அது உற்ற தோழன். பெட்டி இரண்டு அலைக்கற்றைகளையும் ஒரே பெயரில் வழங்கினால், கருவி தானாகவே மெதுவானதைப் பற்றிக்கொண்டு கிடப்பதும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, எதில் இணைந்திருக்கிறோம் என்பதைக் கண்ணாற் கண்டு கொள்வது நல்லது.

சுவர்களைப் பற்றிப் பேசுகையில் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளையும் நினைவுகூர்தல் தகும். அறைக்குள் அலைகள் சுவர்களிற் பட்டு எதிரொலித்து, ஒரே செய்தி பல கணங்களில் வந்து சேர்ந்து குழம்புவது ஆரம்பத்தில் பெரும் இடராக இருந்தது. ஜோன் ஓசலிவன் என்னும் வானொலி வானியலாளர், வெடித்துச் சிதறும் சிறு கருந்துளைகளின் மங்கிய அலைகளைத் தேடி 1970களில் முயன்று தோற்றவர். அந்த முயற்சிக்குப் பயன்பட்ட கணித முறைகள் பின்னர் அந்நாட்டு அரச ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரும் துணைவர்களும் இந்த எதிரொலிக் குழப்பத்தைத் தீர்க்கத் துணைநின்றன. 1996 இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. விண்ணிலே தேடியது கிடைக்கவில்லை; வீட்டு மண்டபத்துக்கு ஒன்று கிடைத்தது.

இனி, கோளாறு எங்கே என்று தேடும் முறை. எடுத்த எடுப்பிலேயே கடைக்கு ஓடிப் புதிய பெட்டி வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை: முதலில் அளந்து பாருங்கள். 1 கிகாபைற்று அளவுள்ள ஒரே கோப்பை எடுத்து, இரண்டு கணினிகளையும் கேபிளாற் பெட்டியோடு இணைத்து அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடிந்தால் கணினிகளும் தட்டுகளும் பெட்டியும் நலமாக உள்ளன, குற்றம் காற்றிலேதான். ஒன்றரை நிமிடமளவு எடுத்தால், இணைப்பு 100 மெகாபிற்றில் நிற்கின்றது என்று பொருள். மலிவான பெட்டிகளின் துவாரங்கள் அவ்வளவே தாங்கும். பெட்டி 1000 தாங்கக்கூடியதாயின் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளினுள்ளே எட்டுக் கம்பிகள் உள. அந்த வேகத்துக்கு எட்டும் வேண்டும். முனை பொருத்தியவர் நான்கை மட்டும் இணைத்திருந்தாலோ, ஒன்று அறுந்திருந்தாலோ, இணைப்பு ஓசையின்றி நூறுக்கு இறங்கிவிடும். எவ்வித எச்சரிக்கையும் தோன்றாது.

கேபிளிலும் வேகம் இல்லையென்றால் தட்டைப் பாருங்கள். பழைய யூஎஸ்பி 2.0 துவாரத்திற் செருகிய தட்டு வினாடிக்கு 30, 40 மெகாபைற்றுக்கு மேல் ஓடாது. பெட்டியின் முதுகிலுள்ள யூஎஸ்பி துவாரத்தில் தட்டைச் செருகிக் குடும்பத்துக்குப் பொதுவாக வைப்பதும் பரவி வரும் வழக்கம். பெட்டியின் சின்னஞ்சிறு மூளைக்கு அது மிஞ்சிய சுமை. அன்றியும், பழைய பெட்டிகள் சில கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதலாம் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 இல் உலகெங்கும் கணினிகளை முடக்கிய ‘வன்னாக்ரை’ நச்சுநிரல் புகுந்தது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அத்தகைய பெட்டியிற் குடும்பப் படங்களை வையாதிருத்தலே அறிவுடைமை.

கோப்பின் தன்மையும் பேச்சுக்குரியது. 8 கிகாபைற்றுக் காணொளி ஒன்றைவிட, அதே அளவுள்ள நாலாயிரம் படங்கள் மிக மெதுவாகச் செல்லும். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லி, இடம் கேட்டு, திறந்து, எழுதி, மூடவேண்டியிருக்கிறது. காற்றுவழியே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரத் தாமதம். படங்கள் அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பி, சேர்ந்த இடத்தில் அவிழ்ப்பதே வழி. கட்டும்போது சுருக்க வேண்டியதில்லை. படங்கள் முன்னமே சுருங்கியவை. சுருக்க முயல்வதில் நேரந்தான் போகும்.

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே வட்ஸ்அப் வழியாகப் படம் அனுப்பும் பழக்கத்தைக் கண்டிக்காமல் விட மனமில்லை. கீழிருந்து மேலே போகவேண்டிய படம் கடல் கடந்து சென்று திரும்புகின்றது. அதுமட்டுமன்று, சாதாரணமாக அனுப்பினால் வழியிலேயே சிறுத்தும் விடுகின்றது. சின்னத் திரையிற் பார்க்கும்போது குறை தெரியாது. பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட நினைக்கும் அன்று தெரியும். ஒரே வளவில் இரண்டு மகள்மாரின் வீடுகள் இரண்டு தனித்தனி இணைப்புகளை வைத்திருக்கும் இடங்களிலும் இதே நிலைதான். இரு பெட்டிகளும் ஒன்றையொன்று அறியா. ஆதலின் கோப்பு வெளியே போய்த்தான் வரவேண்டும். விருந்தினர் வலையில் இணைந்த கருவியும் வீட்டு வலையிலுள்ள கருவியைக் காணமாட்டாது. இரண்டு கைத்தொலைபேசிகள் அருகருகே இருக்குமாயின், பெட்டியை நாடாமல் ஒன்றுக்கொன்று நேரே அனுப்பும் வசதி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதில் காற்றுப் பயணமும் ஒன்றே.

மேல்மாடிக்கு அலை எட்டவில்லை என்று, நடுவழியில் அலையை வாங்கித் திரும்ப வீசும் சிறு கருவியொன்றைச் சுவரிற் செருகுகிறார்கள். விலை குறைவு. அலைக்குறி நிறைந்து காட்டும்; வேகமோ மறுபடி பாதியாகும். காரணம் முன்சொன்னதே: இன்னுமொரு காற்றுப் பயணம். மேலே ஒரு கேபிளைக் கொண்டுபோய், அதன் முனையில் இரண்டாவது பெட்டியை வைப்பதற்கு ஈடான மருந்து இதற்கு இல்லை. செம்புக் கேபிள் 100 மீற்றர் வரை குறையின்றிப் போகும். நம் வளவுகளுக்கு அது தாராளம். மேல்மாடிக் கணினியையும் அதிலேயே இணைத்துவிட்டால், நாலரை மணித்தியாலம் எடுத்த அதே 40 கிகாபைற்று நல்ல தட்டுகளுக்கிடையே ஆறேழு நிமிடங்களில் முடியும். சம்மாந்துறையிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டைக் கொடுத்து வைக்க விரும்புபவர் தேநீர் ஆறுமுன் அதனை நிரப்பிக்கொண்டு புறப்படலாம்.

கேபிளை இழுப்பதிற் கவனிக்கவேண்டியவை இரண்டு. மின்சாரக் கம்பி போகும் குழாயில் இதனைச் சேர்த்து விடலாகாது. வெட்டவெளியில் கூரைக்குக் கூரை தொங்கவிடவும் கூடாது. ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னலில் அது பெட்டியையும் கணினியையும் ஒருசேர எரித்துவிடக்கூடும். மாடி கட்டத் தொடங்கும் வீட்டாராயின் வேலை இன்னும் எளிது. தட்டு வார்க்குமுன் மேசனிடம் சொல்லி, முன்மண்டபத்திலிருந்து மேலே ஒரு அங்குலப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை வைக்கச் செய்து, அதற்குள் ஒரு நைலோன் கயிற்றையும் விட்டு வைக்கவேண்டும். கேபிளைப் பின்னர் அந்தக் கயிற்றிற் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.